கம்பிக்குக் கேட்கும் சீட்டு, கழுத்துச் சங்கிலிக்கு வேண்டாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஜி.என்.டி. சாலைக்கு ஏறும் லாரிகளில் கட்டுக்கட்டாகக் கட்டுமானக் கம்பி போகிறது. அந்தக் கம்பியைக் குனிந்து பார்த்தால் அதன் உடம்பிலேயே எழுத்து இருக்கும். உருட்டிய ஆலையின் பெயர், தரம் 500 அல்லது 550 என்ற அடையாளம், கட்டோடு வரும் தகட்டில் ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தர எண், எந்த வார்ப்பில் உருகிய இரும்பு என்று காட்டும் ஹீட் நம்பர், கூடவே ஒரு சோதனைச் சான்றிதழ். வாகன உதிரிபாகம் செய்கிற தொழிற்கூடங்களிலும் இதே கதைதான். ஒரு சாதாரண போல்ட்டுக்குத் துத்தநாக முலாம் பூசினாலும் 5 மைக்ரானா 8 மைக்ரானா என்பது டிராயிங்கிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தடிமன் குறைந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். உப்புத் தண்ணீரைப் புகையாய்த் தெளித்து எத்தனை மணி நேரத்தில் துரு பிடிக்கிறது என்று பார்க்கிற சோதனை கூட உண்டு. இத்தனை கறாரான ஊரில், அந்தப் போல்ட்டைத் தினமும் கையாள்கிற ஒருவர் மாலையில் கடைக்குப் போய்த் தங்க முலாம் பூசிய வெள்ளிச் சங்கிலி ஒன்றை, ஊதாக் கல் பதித்த பதக்கத்தோடு வாங்குகிறார். அதில் தொங்கும் சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: ‘சில்வர், கோல்டு பிளேட்டட், நேச்சுரல் ஸ்டோன்’. எத்தனை சதவீத வெள்ளி, எத்தனை மைக்ரான் தங்கம், என்ன கல் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இல்லை. பத்து ரூபாய் போல்ட்டுக்குக் கிடைக்கிற உத்தரவாதம் பத்தாயிரம் ரூபாய் நகைக்குக் கிடைக்கவில்லை.

இந்த வகை நகையைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு உலவுகிறது. ஒன்று, ‘எல்லாம் கவரிங்தான், காசைக் கரியாக்காதே’ என்பது. மற்றொன்று விற்பவர்களுடையது: ‘தங்கம் மாதிரியேதான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது’ என்பது. இரண்டுமே நகையைத் தங்கத்தோடு ஒப்பிட்டுத்தான் அளக்கின்றன. அங்கேதான் பிழை தொடங்குகிறது. தங்க முலாம் பூசிய வெள்ளிச் சங்கிலி முதலும் முடிவுமாக ஒரு வெள்ளி நகை. வெள்ளியாக எடை போட்டு, வெள்ளியாக விலை பேசி, மேற்பூச்சுக்கும் கல்லுக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேட்டு வாங்கினால் அது நல்ல பொருள். தங்கத்தின் நிழலில் வைத்து வாங்கினால் நிச்சயம் ஏமாற்றம்தான். ஒரு சவரன் விலை 2025ஆம் ஆண்டின் கடைசியில் லட்ச ரூபாயைத் தொட்டுவிட்ட பிறகு, தொழிற்பேட்டைச் சம்பளக்காரர்கள் பலருக்கு இந்த வகை நகைதான் கைக்கெட்டும் நகை. ஆகவே இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது அவசரத் தேவை.

முதலில் ‘கவரிங்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சிதம்பரம் கவரிங் என்று பெயர் பெற்ற நகைகள் செம்பு, பித்தளை போன்ற உலோகத்தின் மேல் தங்கம் ஏற்றியவை. மேலே உள்ள தங்கம் தேய்ந்தால் அடியில் மிஞ்சுவது பாத்திரக் கடை உலோகம். வெள்ளியின் மேல் பூசியதன் கதை வேறு. பூச்சு முழுக்கப் போனாலும் மிஞ்சுவது வெள்ளி. இந்த வேறுபாட்டை அரசின் வரிப் பட்டியலே ஒப்புக்கொள்கிறது. சுங்க வரிப் பட்டியலில் 7113 என்ற தலைப்பு விலையுயர்ந்த உலோக நகைகளுக்கு உரியது. வெள்ளி நகை, வேறு விலையுயர்ந்த உலோகம் பூசப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தத் தலைப்பின் கீழ்தான் வருகிறது. மலிவு உலோகத்தின் மேல் தங்கம் பூசியவை 7117 என்ற வேறொரு தலைப்பில், இமிடேஷன் நகைகளோடு சேர்கின்றன. பூச்சு எது என்று சட்டம் பார்க்கவில்லை, அடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. வாங்குகிறவரும் அப்படிப் பார்க்கலாம். பல கடைகளின் பில்லில் எச்.எஸ்.என். எண் என்ற ஒரு கட்டம் இருக்கும். கடைக்காரர் ‘வெள்ளி’ என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தில் 7117 என்று அடித்திருந்தால், அவருடைய கணினி அவரைவிட நேர்மையாக இருக்கிறது என்று பொருள்.

வெள்ளிக்குத் தங்கம் போர்த்துவது ஏழ்மைக்காகக் கண்டுபிடித்த தந்திரமும் அல்ல. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் பரம்பரையாகச் செய்யப்படும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளியில் கூடு அடித்து, அதில் சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கற்களைப் பதித்து, 24 காரட் தங்க ரேக்கை அழுத்திப் போர்த்துவது அந்த வேலை. தெய்வத் திருமேனிகளுக்காகச் செய்யப்பட்டவை பிறகு பரதநாட்டிய மேடைக்கு வந்தன. நெற்றிச் சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் என்று நாம் மேடையில் பார்த்துப் பழகிய பலவும் அந்த மரபைச் சேர்ந்தவை. இன்று அதே பாணியில் மலிவு உலோகத்திலும் வார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். உலக அளவில் இன்னொரு சாட்சி, ஒலிம்பிக் தங்கப் பதக்கம். முழுத் தங்கத்தில் அது கடைசியாகக் கொடுக்கப்பட்டது 1912இல், ஸ்டாக்ஹோம் போட்டியில். இப்போது விதிப்படி அது வெள்ளிப் பதக்கம்தான், மேலே குறைந்தது 6 கிராம் தங்கம். 2024 பாரிஸ் போட்டியில் 529 கிராம் எடையுள்ள ‘தங்க’ப் பதக்கத்தில் தங்கம் அந்த 6 கிராமே. அதை யாரும் போலி என்று சொல்வதில்லை. காரணம், எத்தனை கிராம் என்பது முன்கூட்டியே ஊரறியச் சொல்லப்பட்டிருக்கிறது. வெளிப்படையாகச் சொன்ன பூச்சுக்கு மரியாதை குறைவதில்லை.

நம் கடைகளில் அந்த எண்ணைத்தான் சொல்வதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 20 கிராம் எடையுள்ள வெள்ளிச் சங்கிலியின் மேற்பரப்பு, வளையங்களின் கம்பித் தடிமனைப் பொறுத்து, 60 சதுர சென்டிமீட்டர் அளவில் இருக்கும். சின்னத் தீப்பெட்டி ஒன்றின் ஆறு பக்கங்களையும் விரித்தால் வருகிற பரப்பை ஒட்டியது அது. அதன் மேல் ஒரு மைக்ரான் தங்கம் ஏற்ற வேண்டுமானால் 0.116 கிராம் தங்கம் வேண்டும். கிராம் 12,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதன் விலை 1,450 ரூபாய். இரண்டரை மைக்ரான் என்றால் 3,600 ரூபாய்க்கு மேல். பத்தில் ஒரு மைக்ரான் என்றால் வெறும் 145 ரூபாய். வாங்குகிற அன்று மூன்று சங்கிலியும் கண்ணுக்கு ஒன்றுபோல்தான் மின்னும், ஏனென்றால் நிறம் காட்ட மிக மெல்லிய படலமே போதும். கூடவே வெள்ளியையும் கணக்கில் எடுங்கள். 925 வெள்ளி என்றால் 20 கிராமில் 18.5 கிராம் தூய வெள்ளி. கிராம் 200 ரூபாய் என்றால் 3,700 ரூபாய். ஆக, மெல்லிய முலாம் பூசிய நகையில் மதிப்பு கிட்டத்தட்ட முழுவதும் வெள்ளியில் இருக்கிறது. கனமான முலாமில் தங்கத்தின் செலவும் வெள்ளியின் விலையும் ஏறத்தாழ சமமாகிவிடுகின்றன. கண்ணால் பிரித்தறிய முடியாத இரண்டு நகைகளுக்கு இடையே ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் ஒளிந்திருக்கும்போது, மைக்ரான் எண்ணைச் சொல்லாமல் விற்பது எடை சொல்லாமல் அரிசி விற்பதற்குச் சமம்.

சில நாடுகள் இதற்கு ஒரு பெயரும் அளவும் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ‘வெர்மெய்’ என்று ஒரு நகையை விற்க வேண்டுமானால் அடியில் 925 வெள்ளி இருக்க வேண்டும், மேலே குறைந்தது 10 காரட் தரமுள்ள தங்கம் இரண்டரை மைக்ரான் தடிமனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு வணிக ஆணையத்தின் நகை வழிகாட்டி சொல்கிறது. இங்கே தங்கத்துக்கு ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாகி, ஆறு எழுத்து எண் கொண்ட எச்.யு.ஐ.டி. முத்திரை வந்துவிட்டது. வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் 1 முதல் எச்.யு.ஐ.டி. முறை வந்திருக்கிறது, ஆனால் விருப்பத்தின் பேரில்தான். இதில் வாங்குவோர் தெளிவாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. முலாம் பூசிய வெள்ளி நகையில் முத்திரை இருந்தால் அது வெள்ளியின் தூய்மைக்கான முத்திரை. மேலே உள்ள தங்கத்தின் தடிமனுக்கு அது சாட்சி சொல்லாது. ‘925’ என்று வெறுமனே பொறித்திருப்பதும் முத்திரை ஆகாது. தர நிறுவனத்தின் சின்னமும் எண்ணும் சேர்ந்திருந்தால்தான் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்க முடியும்.

தடிமன் ஏன் முக்கியம் என்பதற்கு நகை கறுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். தங்கம் கறுப்பதில்லை, கறுப்பது அடியிலிருக்கும் வெள்ளியும் அதில் கலந்த செம்பும். மெல்லிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அவற்றின் வழியே வியர்வையும் ஈரமும் இறங்கி, வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பாகி, அந்தக் கறை மேலே பரவுகிறது. இதைத் தவிர, வெள்ளி அணுக்களும் செம்பு அணுக்களும் நாளடைவில் தங்கப் படலத்துக்குள்ளேயே ஊடுருவி மேலே வருகின்றன. படலம் மெல்லியதானால் பயணம் சீக்கிரம் முடிகிறது. பழவேற்காட்டுக் காயலை ஒட்டிய உப்புக் காற்றும் வெயில் காலப் புழுக்கமும் கொண்ட வட்டாரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ரப்பருக்குப் பதம் கொடுக்கக் கந்தகம் சேர்ப்பதால் ரப்பரும் வெள்ளிக்கு ஆகாது. தேர்வாய்கண்டிகை டயர் ஆலை இருக்கும் மாவட்டத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சங்கிலியை ரப்பர் பேண்ட் போட்டுப் பத்திரப்படுத்தும் பழக்கமே கறுப்பை வரவழைத்துக்கொள்வதுதான். நம் வீட்டு வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்துத் துலக்குவோம். அது வெள்ளிக்குச் சரி, முலாமுக்கு எமன். திருநீறும் பற்பொடியும் நுண்ணிய உப்புத்தாள் போன்றவை. பத்தில் ஒரு மைக்ரான் பூச்சு நாலைந்து வெள்ளிக்கிழமை தாங்காது. ஈரத் துணியால் ஒற்றி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே அதற்குப் பராமரிப்பு.

கறுப்பைத் தடுக்க வெள்ளிக்கும் தங்கத்துக்கும் நடுவே நிக்கல் படலம் ஒன்று போடுவதும் உண்டு. செலவு குறைவு, பளபளப்பு அதிகம். ஆனால் நிக்கல் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. கழுத்தில் அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் தோலில் படும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நிக்கலுக்குப் பதில் பல்லேடியம் போடலாம், விலை கூடும். ‘தங்கம் ஒத்துக்கிச்சு, இது மட்டும் ஒத்துக்கலை’ என்று சொல்பவர்கள் வெள்ளியைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி நடுவில் ஒளிந்திருக்கும் நிக்கல்தான். ஆகவே, ‘நடுவில் என்ன படலம்’ என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

இனி கல். கல் வணிகம் கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டுவதற்கு நூறு ஆண்டு முன்பே பழவேற்காடு மாணிக்கச் சந்தையாக இருந்தது. போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய குறிப்புகளில், பர்மாவின் பெகு நாட்டிலிருந்து மாணிக்கங்களும் ஸ்பினல் கற்களும் பழவேற்காட்டுக்கு வந்து குவிவதையும், பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு அவை அங்கே மலிவாகக் கிடைப்பதையும் சொல்கிறார். தெரிந்தவர்களுக்கு என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். மாணிக்கமும் ஸ்பினலும் ஒரே சிவப்பு, ஒரே ஆற்று மணலில் கிடைப்பவை, ஆனால் வேறு வேறு கனிமங்கள். அறிவியல் முறைப்படி இரண்டையும் பிரித்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பிரிட்டிஷ் அரச கிரீடத்தின் முன்புறம் பதித்திருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ கூட உண்மையில் ஸ்பினல்தான். அரசர்களின் நகைப் பெட்டிக்கே பெயர் மாறி நுழைந்த கல், தொழிற்பேட்டைப் பக்கத்துக் கடையில் பெயர் மாறுவதில் வியப்பில்லை.

‘நேச்சுரல்’ என்ற ஒற்றைச் சொல் ஏன் போதாது என்பது இங்கேதான் விளங்கும். இயற்கைக் கல் என்றால் மண்ணில் விளைந்தது என்று மட்டுமே பொருள். அதற்குப் பிறகு அதற்கு என்ன செய்தார்கள் என்பது வேறு கேள்வி. ஊதா அமெதிஸ்டைச் சூடேற்றினால் மஞ்சள் சிட்ரின் ஆகிவிடும். கடையில் கிடைக்கும் சிட்ரினில் பெரும்பகுதி அப்படிப் பிறந்தது. அதுவே சில இடங்களில் புஷ்பராகம் என்ற பெயரில், பல மடங்கு விலையில் ராசிக்கல்லாகவும் போகிறது. வெளிறிய அகேட் கல்லுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். விரிசல் நிறைந்த மட்ட மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிப் பளிங்குபோல் ஆக்குகிறார்கள். அந்தக் கல் மண்ணில் விளைந்ததுதான், ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டாலே நிரப்பிய கண்ணாடி அரிக்கும். புளி போட்டு நகை கழுவும் வீட்டில் அதன் ஆயுள் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயி நெருப்புச் சுடரில் மாணிக்கம் விளைவிக்கும் முறையை வெளியிட்டார். அந்தக் கல்லின் வேதியியலும் கடினமும் சுரங்க மாணிக்கத்தினுடையவையே. விலை மட்டும் மிகச் சொற்பம். திருச்சிச் சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்கள் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டியே பல காலம் பிழைத்தன. செயற்கைக் கல்லைச் செயற்கை என்று சொல்லி விற்றால் அது கௌரவமான சரக்கு. ஈயக் கண்ணாடி நிரப்பியதை ‘நேச்சுரல்’ என்று மட்டும் சொல்லி விற்பது, சொல் அளவில் உண்மையாக இருந்தும், ஏமாற்று.

வாங்குகிறவர் கையில் ஆய்வகம் இல்லை. பதக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் விரல் இருக்கிறது. பின்பக்கம் திறந்திருந்து வெளிச்சம் கல் வழியே போனால் நல்லது. மூடியிருந்தால் அடியில் வண்ணத் தகடு வைத்து நிறம் கூட்டியிருக்க வாய்ப்புண்டு. கெம்பு வேலையில் அது மரபான முறை, அதில் தவறில்லை, ஆனால் நிறம் கல்லினுடையது என்று எண்ணி விலை கொடுக்கக் கூடாது. சிறு உருப்பெருக்கியில் உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழ் தெரிந்தால் கண்ணாடி என்று சந்தேகப்படலாம். மூன்று காரட் எடையுள்ள, துளிக் குறையில்லாத, ரத்தச் சிவப்பு ‘இயற்கை மாணிக்கம்’ எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் சோதனையே தேவையில்லை, விலையே சான்று. இதற்கு மாறாக அமெதிஸ்ட், கார்னெட், சந்திரகாந்தம், அகேட் போன்றவை மண்ணில் விளைந்தும் மலிவாகவே கிடைப்பவை. சந்திரகாந்தம் போன்றவை நம் காங்கேயம் வட்டாரத்திலேயே எடுக்கப்படுகின்றன. அந்த வட்டாரத்துக்கு அருகே, நொய்யல் கரைக் கொடுமணலில் பளிங்கும் பச்சைக்கல்லும் சூதுபவளமும் கொண்டு மணி செய்த பட்டறைத் தடயங்களை அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. வெள்ளிச் சங்கிலிக்குப் பொருத்தமான கற்கள் இவையே. ஏமாற்றுவதற்கு லாபமில்லாத கல்லைத் தேர்ந்தெடுப்பது எளியவரின் மிகச் சிறந்த பாதுகாப்பு.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் வலுவானது அடகு. நம் ஊரில் நகை அழகுக்கு மட்டுமா? பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, ஆலை திடீரென்று வேலை இல்லை என்று சொல்கிற மாதம், எல்லாவற்றுக்கும் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுப்பது தங்கம்தான். முலாம் பூசியதை யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வெள்ளி அத்தனை அனாதை இல்லை. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள் தங்கத்தோடு வெள்ளி நகைகளையும் ஈடாக ஏற்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இடம் தருகின்றன. ஒருவருக்கு 10 கிலோ வெள்ளி நகை வரை. அதே நெறிமுறை ஈட்டின் மதிப்பை உலோகத்தின் எடையும் தரமும் வைத்தே கணக்கிடச் சொல்கிறது, கல்லுக்கு மதிப்பில்லை. தங்க நகையிலும் கல் எடையைக் கழித்துவிட்டுத்தானே காசு கொடுக்கிறார்கள்? அடகுக் கடையில் முலாம் காற்றுக்குச் சமம், கல்லும் காற்றுக்குச் சமம், வெள்ளி மட்டும் நிற்கும். இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. சேமிப்பு வேண்டுமானால் சேமிப்பாகவே தங்கம் வாங்குங்கள், ஒரு கிராமானாலும் சரி. அணிவதற்கு இந்த நகை. சேமிப்பும் அலங்காரமும் ஒரே பொருளில் வேண்டும் என்று முலாமிடம் கேட்பதுதான் ஏமாற்றத்தின் வேர்.

இரண்டாவது வாதம் பட்டறைக்காரர்களுடையது. சின்னக் கடைக்கு மைக்ரான் சோதனையும் கல் ஆய்வறிக்கையும் கட்டுப்படியாகாது, விலை ஏறிவிடும் என்பார்கள். கல் ஆய்வறிக்கைக்குச் செலவு உண்டு. ஐந்நூறு ரூபாய் அமெதிஸ்டுக்கு அதைக் கேட்பது அநியாயம்தான். அதற்குப் பில்லில் கல்லின் பெயரும் எடையும் எழுதினாலே போதும். மைக்ரான் கணக்கு வேறு. முலாம் தொட்டியில் தங்கம் தானாக ஒட்டுவதில்லை. எத்தனை ஆம்பியர் மின்சாரம், எத்தனை நிமிடம் என்பதுதான் தடிமனைத் தீர்மானிக்கிறது. தங்கம் இவ்வளவு விலை விற்கும்போது தொட்டியிலிருந்து எவ்வளவு தங்கம் போனது என்று எந்தப் பட்டறைக்காரரும் கணக்கு வைக்காமல் இருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த எண் கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவர் ஒருவருக்குத்தான் தெரியாது. சரிபார்க்க வேண்டுமானால் ஹால்மார்க் மையங்களில் தூய்மை பார்க்கும் எக்ஸ்ரே வகைக் கருவியின் நுட்பமே, உரிய அமைப்போடு, நகையைக் கீறாமல் பூச்சின் தடிமனையும் அளக்க வல்லது. இன்னொன்றும் உண்டு. மெல்லிய முலாமை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பூசினால், கூலியும் சேர்ந்து மொத்தச் செலவு நாளடைவில் கனமான முலாமைத் தாண்டிவிடலாம். தங்க முலாம் தொட்டியில் இருப்பது சயனைடு உப்பு. மின்முலாம் தொழில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பட்டியலில் உள்ளது. ஏற்கெனவே ஆலைக் கழிவுகளைப் பற்றிக் கவலைப்படும் வட்டாரத்தில், ஒருமுறை ஒழுங்காகப் பூசுவது நிலத்தடி நீருக்கும் நல்லது.

மூன்றாவது, ‘எங்கள் பத்தர் மூன்று தலைமுறையாக வேலை செய்கிறார், அவரிடம் சீட்டுக் கேட்பது அவமானம்’ என்ற மனநிலை. நம்பிக்கை நல்லதுதான். ஆனால் தெளிவாகச் சொல்லி விற்பது நம் மரபுக்கு அந்நியம் அல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைப் பொற்கடை வீதியைக் காட்டும்போது, தங்கம் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நான்கு வகை என்றும், எது எங்கே கிடைக்கும் என்று வாங்குவோர் குழம்பாமல் இருக்க வணிகர்கள் கொடி கட்டியிருந்தார்கள் என்றும் சொல்கிறது. மணிக்கடைகளைச் சொல்லும் இடத்தில் கற்களின் குற்றங்களும் பேசப்படுகின்றன. வகை பிரித்துச் சொல்லி விற்ற வீதியைத்தான் நம் காப்பியம் பெருமையோடு வருணித்தது. இன்று ஒரே பத்தரிடம் முழு வேலையும் முடிந்து வரும் நகையும் குறைவு. வார்ப்பு ஓரிடம், முலாம் ஓரிடம், கல் ஓரிடம், விற்பனை ஓரிடம். நாலு கை மாறி வருகிற பொருளுக்கு ஒரு முகத்தின் மேல் வைத்த நம்பிக்கை போதாது. அதனால்தானே ஆலையில் கம்பிக்கும் போல்ட்டுக்கும் சீட்டு கேட்கிறோம்? அங்கே யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

சட்டமும் வெறுங்கையோடு இல்லை. ஹால்மார்க் இட்ட நகையில் தூய்மை குறைந்திருந்தால், குறைவின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் திரும்பப் பெற வழி இருக்கிறது. தவறான விவரம் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குக்கு உரியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் வழக்குக்குப் போனால் முதல் கேள்வி, கடைக்காரர் என்ன சொன்னார் என்பதாக இருக்காது, என்ன எழுதிக் கொடுத்தார் என்பதாகத்தான் இருக்கும். எனவே பில்லில் இருக்க வேண்டியது இவ்வளவே: ‘925 வெள்ளி, கல் நீங்கலாக 20 கிராம், 22 காரட் தங்க முலாம், 1 மைக்ரான், நிக்கல் இல்லை, இயற்கை அமெதிஸ்ட், 3 காரட், சாயம் ஏற்றாதது’. ஒன்றரை வரி. அதை எழுதிக் கொடுக்கிற கடையில் தாராளமாக வாங்கலாம், மகிழ்ச்சியாக அணியலாம், யாராவது ‘தங்கமா?’ என்று கேட்டால் ‘வெள்ளி’ என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். எழுதிக் கொடுக்கத் தயங்கினால், கையில் இருப்பது எதுவாக இருந்தாலும், அதற்குக் கவரிங் விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.